சத்தம் போடாத பிள்ளை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் மகள் குருவியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பதறாமல் படி.

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்திருக்கிறாள். இடது முழங்கை எலும்பு முறிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது மறுநாள் சாயங்காலம். தலை பின்னும்போது என் கை தெரியாமல் அவள் முழங்கையில் பட்டது. உதட்டைக் கடித்தாள், ரத்தம் வந்தது. சட்டையைக் கழற்றினால் முழங்கை கன்றிப்போய்க் கிடக்கிறது. ஒரு நாள் முழுக்க அந்தக் கையோடு சாப்பிட்டு, படித்து, என் பக்கத்தில் தூங்கியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத்தான் முறைத்தாள். "ஏம்மா, பிள்ளைய அடிச்சு வளக்கிறீங்களா? வலிக்குதுன்னு சொல்லக்கூட பயப்படுதே" என்றாள். நான் கை ஓங்கினவள் இல்லை, உனக்கே தெரியும். ஏன் அழவில்லை என்று குருவியைக் கேட்டாள். "அழுதா அவங்களுக்குக் கேட்டுடும்" என்றது பிள்ளை. யாருக்கு என்றதற்கு, "தெரியாது, பாட்டிக்குத் தெரியும்" என்றது.

எனக்குத் தெரியும். உன்னிடமும் சொன்னதில்லை. எனக்கு ஆறு வயதில் சிப்பாய்கள் வீடு வீடாகத் தேடி வந்தார்கள். விறகு அறைக்குள் பதினோரு பேர் ஒளிந்திருந்தோம். தம்பி சிணுங்கினான். என் அம்மா அவன் வாயைப் பொத்தினாள். அவர்கள் போன பிறகு கையை எடுத்தாள். அவனுக்கு மூச்சு இல்லை. அம்மா அழவில்லை. நாங்களும் அழவில்லை.

அந்தச் சிப்பாய்கள் போய் அறுபது வருஷம் ஆயிற்று. நீ அழுத போதெல்லாம் "அவங்களுக்குக் கேட்டுடும்" என்று உன் உதட்டை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தேன். குருவிக்கும் அப்படித்தான். பக்கத்து வீட்டுத் தையல்காரி, "உங்க வீட்ல வளர்றது பிள்ளையா பொம்மையாக்கா?" என்று கேலி செய்வாள். அதில் எனக்குத் தலைகொள்ளாத பெருமை.

ஆபரேஷன் முடிந்து கட்டும் போட்டாயிற்று. கட்டைப் பிரித்ததும் தினமும் கையை மடக்கிப் பழக்க வேண்டுமாம். "வலிச்சா கத்தணும், அப்பதான் எதுவரைக்கும் மடக்கலாம்னு தெரியும். இல்லன்னா கை அப்படியே நின்னுடும்" என்கிறாள் டாக்டரம்மா. நேற்று நானே, "அழுடி கண்ணு, பாட்டி சொல்றேன்ல" என்று கெஞ்சினேன். நான் சோதிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அழுது காட்டலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு வரவில்லை.

நீ விமானம் ஏறிய அன்று உன் கண் நனையவில்லை. அதைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். மன்னித்துக்கொள்.

லீவு கேட்டு வா. அவளை மடியில் போட்டுக்கொண்டு அவள் முன்னால் அழு. உனக்கும் வரவில்லை என்றாலும் வா.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

அம்மா