பின்னல் ஊசியில் கோத்த கறி

ஏங்க,

கபாபுக்குக் கம்பி இல்லைன்னு என் பின்னல் ஊசிகளையெல்லாம் உருவிட்டீங்க. உங்களுக்காகப் பின்னிக்கிட்டிருந்த ஸ்வெட்டர் பிரிஞ்சுபோய், இப்போ ஒரு கைதான் மிச்சம். கேட்டா, "கறியும் ஆடு, கம்பளியும் ஆடுதானே!" இந்தக் குளிருக்கு அந்தக் கபாபையே போர்த்திக்கோங்க.

மசாலாவில ஊறின கறி, ஊசியோட ஃப்ரிட்ஜில இருக்கு. சுடும்போது ஊசியோட பிளாஸ்டிக் குமிழ் நெருப்புக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கட்டும், இல்லேன்னா உருகிடும். வெள்ளரிக்காய் நறுக்கி வெச்சிருக்கேன். சாயங்காலம் என் அண்ணன் வருவார். அவர் பல்லுல கம்பளி நூல் மாட்டினா, கறி நார்னு சொல்லிச் சமாளிங்க.

நான் வேலைக்குப் போறேன். உங்ககூடப் பேசறதா இல்லை.

பி.கு.: நீங்க செஞ்ச சாஸைத் தொட்டு நக்கிப் பார்த்தேன். புளிப்பு பிரமாதம். கோபம் அப்படியேதான் இருக்கு. எனக்கு ரெண்டு ஊசி எடுத்து வைங்க.

கறியோட.