முதல் பாட்டு புதிதாய் வந்தவளுக்கு

என் பிரியமுள்ள மதினிக்கு,

பாப்பா இப்போதுதான் தூங்கினாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. வாசலில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடக்கிறது, நம் பாப்பாவுடையது இல்லை. எழுந்து எழுந்து போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

முளைப்பாரி போட்டாயிற்று. சாயங்காலமானால் கோயில் திடலில் கும்மி பழகுகிறோம். நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு வரும் முதல் திருவிழா. உங்கள் இடத்தில் நின்று பாட்டு எடுத்துக்கொடுக்க என்னை நிறுத்தியிருக்கிறார்கள். உங்கள் தம்பி பொண்டாட்டி என்பதைத் தவிர எனக்கென்ன தகுதி?

பின்தெருவுக்குக் குடிவந்திருக்கும் ஜின்சி இன்று வந்தாள். குமுளிப் பக்கத்துப் பெண், இடுப்பில் பாப்பா வயசில் ஒரு மகள். விளக்குக் கம்பத்தடியிலேயே நின்றாள். கூப்பிடப் போன என்னைப் பாப்பாத்தி அத்தை மறித்தார்.

"ஏத்தா, இந்த வருசம் வீடியோ எடுக்குறாக. தெரியாதவுக ஓரமா நின்னு பாக்கட்டும்."

"மதினி இருந்தா இப்படிச் சொல்லுவாகளா அத்தே?"

"அவுக இருந்தா நான் ஏன்டி வாயத் தொறக்கப் போறேன்?"

இருந்தாலும் ஜின்சியை இழுத்து வட்டத்தில் விட்டேன். அவள் தன் ஊர் வழக்கப்படி கை தட்டினாள். நம் தாளத்துக்குக் குறுக்கே விழுந்தது. பாட்டு நின்றுபோனது. "கும்மியடிக்கச் சொன்னா கொசு அடிக்கிறா ஆத்தா!" என்று ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள், ஜின்சியும்தான். அடுத்த பாட்டில் திரும்பினால் ஆளைக் காணோம். கம்பத்தடியில் இந்தச் செருப்பு மட்டும். பிள்ளை அழுததா? வீட்டில் ஏதும் வேலையா? இல்லை, அந்தச் சிரிப்புதானா?

செருப்பை எடுத்து என் கையில் கொடுத்தது பாப்பாத்தி அத்தைதான். "பிள்ளை ஒத்தச் செருப்போட போயிருக்கு" என்றார்.

நான் கல்யாணமாகி வந்த வருசம் நினைவிருக்கிறதா மதினி? கோயம்புத்தூர் காலேஜில் படித்தவளுக்குக் குனியவும் தெரியவில்லை, நிமிரவும் தெரியவில்லை. யாரும் சிரிக்கும் முன்னே நீங்கள் கத்தினீர்கள்.

"எல்லாரும் இங்கன பாருங்கடி! புதுசா வந்தவ எப்படித் தட்டுறாளோ, முதப் பாட்டு அப்படித்தான். அடுத்த பாட்டுக்கு அவளே நம்ம வழிக்கு வருவா."

அன்றைக்குத் திடலே என்னோடு சேர்ந்து தப்பாகத் தட்டியது. எது தப்பு என்றே தெரியாமல் போனது. அந்த வார்த்தை இன்றைக்கு ஏன் என் வாயில் வரவில்லை?

பாப்பாவைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருக்கிறது. இவளும் ஒருநாள் தெரியாத ஊரில் ஏதோ ஒரு வட்டத்துக்கு வெளியே நிற்பாள். அங்கன உங்களைப் போல் ஒருத்தி இருப்பாளா?

விடிந்ததும் செருப்போடு பின்தெருவுக்குப் போகிறேன். ஜின்சி வரமாட்டேன் என்றால், அவள் வாசலிலேயே நின்று அவள் ஊர்க் கைதட்டலைக் கற்றுக்கொண்டு வருவேன். வீடியோக்காரர் வரட்டும், அத்தை முறைக்கட்டும். நாளைக்கு முதல் பாட்டு அவள் தட்டுகிறபடிதான் மதினி. தப்பாகப் போனால், நடுவில் நின்று முதலில் தப்பாகத் தட்டுவது நானாக இருப்பேன்.

நீங்கள் வட்டத்துக்குள் சேர்த்துக்கொண்ட
உங்கள் தம்பி பொண்டாட்டி,
கல்பனா