மூன்றாம் வரிசையில் ஆளுநர்

சார்,

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் இரண்டு நாள். தாம்பரம் கல்லறைத் தோட்டம் முழுக்கச் சுண்ணாம்பு வாடை. மூன்றாம் வரிசையில் உங்கள் கல்லறைக்கு இன்று காலை நானே வெள்ளையடித்தேன். உங்களுக்குச் சிரிப்பு வரும். இருபது வருடம் உங்களோடு பேசாதவன் நான்.

நீங்கள் வடக்கே ஆளுநராக இருந்தபோது ரயிலேறி வந்தேன். அஸ்தினாபுரத்தில் உங்கள் அடுத்த வீட்டுக்காரன். முனைவர் பட்டம் உண்டு, வேலை இல்லை. கல்லூரி விரிவுரையாளர் பணிக்கு உங்கள் கடிதம் ஒன்று போதும் என்று நம்பினேன். மாளிகையில் நீங்களே எனக்கு ரசம் ஊற்றினீர்கள். "சாப்பிடுப்பா. லெட்டரைத் தவிர எது வேணாலும் கேளு. லிஸ்ட்ல உனக்கு முன்னாடி நிக்கிறவனுக்கு எந்த கவர்னரைத் தெரியும்?"

பட்டியலில் எனக்கு முன்னால் நின்றவருக்கே வேலை போனது. நான் டுட்டோரியலில் தலை நரைத்தேன். பதவி முடிந்து ஊர் திரும்பிய நீங்கள் பால் பாக்கெட்டோடு எதிரே வந்தபோதெல்லாம் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன்.

போன வருடம் நீங்கள் இறந்தீர்கள். நீங்கள் கேட்டிருந்தபடி உங்கள் மனைவியின் கல்லறையைத் திறந்து அதிலேயே உங்களை வைத்தோம். குடும்பத்துக்கு ஒரு குழி என்பது எங்கள் பங்குக் கோயிலின் வழக்கம். ஒரு மாதம் கழித்து உங்கள் மகன், கல்லறைக் குழுச் செயலாளரான என்னிடம் வந்தான். பக்கத்துக் காலியிடத்தையும் சேர்த்துப் பளிங்கு மண்டபம் கட்ட வேண்டுமாம்.

"ஒரு சைன்தானே அண்ணா?"

"குடும்பத்துக்கு ஒண்ணுதான் தம்பி."

"கவர்னருக்குமா?"

"கவர்னருக்கும்தான்."

"அப்பா மேல இருக்கற கோவத்துல பேசறீங்க."

உண்மைதான். பழி தீர்த்த சுகத்தோடுதான் மறுத்தேன்.

அடுத்த வாரம் பம்மலில் தோல் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அவர்களுக்குக் குடும்பக் கல்லறை கிடையாது. தோட்டத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஓர் இடம்தான், கொடுத்தோம். ஷேர் ஆட்டோ ஓட்டும் அவர் மகன் கண்ணைத் துடைத்தபடி சொன்னார்: "இன்னா சார், கவர்னரு பக்கத்துல எங்கப்பனைப் படுக்க வச்சிட்டீங்க. எங்கப்பன் வாய் ஓயாது. பாவம், அவருக்குத்தான் பேஜாரு."

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அந்த விரிவுரையாளரின் நினைவு வந்தது. நான் கடிதத்தோடு போயிருந்தால் வெளியே நின்றிருக்க வேண்டியவர். அவர் பெயரைக்கூட இதுவரை நான் விசாரித்ததில்லை.

இன்று நான் வெள்ளையடித்து முடிக்கும்போது உங்கள் மகன் பூவோடு வந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பக்கத்துக் கல்லறையில் பூ வைத்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரரின் அம்மா விடவில்லை.

"நீ கவர்னரு புள்ளையா? உங்கப்பாவும் எங்கவூட்டு ஆளும் ஒரு வருசமா பக்கத்துல பக்கத்துல கீறாங்க. ஒரு சண்டை கெடையாது. நீங்க ரெண்டு பேரும் இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கிவச்சிகினு கீறீங்க? இந்தா, டீ குடி."

பிளாஸ்கிலிருந்து இரண்டு கப்பில் ஊற்றி, இரண்டையும் அவன் கையிலேயே கொடுத்தார். அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு ஒன்றை என் பக்கம் நீட்டினான்.

கோபத்தில் கொஞ்சம் இன்னும் என்னிடம் இருக்கிறது, சார். ஆனால் கப்பை வாங்கிக்கொண்டேன்.