பெயர் எழுத இடமில்லாத உபயம்

அன்பு அக்காவுக்கு,

உன் தம்பி சுந்தரேசன் எழுதுகிறேன். நோக்கம் ஒன்றே: நீ தொடங்கிய ஆய்வுக்குப் பணம் தேடிப் போன விவரத்தை முறைப்படி உனக்குத் தெரிவிப்பது.

நீ நிதி கேட்டு எழுதியிருந்த டில்லி அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஆய்வை நடத்துபவர் காலமாகிவிட்டபடியால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறதாம். விதிப்படி அது சரி. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அப்படியே எழுதியிருப்பேன். ஆனாலும் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடையாறு மருத்துவமனையில் உன்னோடு வேலை பார்த்த டாக்டர் நூர்ஜஹான்தான் விடவில்லை. "என் பேர்ல புதுசா விண்ணப்பிக்கலாம் சார். பதில் வர்ற வரைக்கும் கர்ப்பிணிகளோட ரத்தப் பரிசோதனை நிக்கக் கூடாது. இங்கேயே யாரையாவது கேட்போம்" என்றார்.

திருவான்மியூர்க் குப்பத்து மல்லிகாவை நினைவிருக்கிறதா? நீ அவள் வீட்டுக்குப் போனபோது நானும் உடன் வந்திருந்தேன். நிறைமாதம், முகமெல்லாம் வெளுத்திருந்தது. நீ கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகள் அத்தனையும் அரிசிப் பானைக்குள் கிடந்தன. "கொயந்த பெர்சா வளந்துடும்மா. அப்பால எப்டி பெத்துக்கறது?" என்றாள். நீ திட்டவில்லை. "எத்தனை பேருக்கு இந்தப் பயம்னு தெரியாம மாத்திரை குடுத்து என்னடா பிரயோஜனம்?" என்று வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாய். உன் ஆய்வு அங்கேதான் பிறந்தது.

தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சியிடம் போனோம்.

"ஆஸ்பத்திரிக்குக் கட்டில் கேளுங்க, தாரேன். காத்தாடி கேளுங்க, தாரேன். எங்கம்மா பேரைப் போட்டுறலாம். ஆராய்ச்சின்னா பேரை எதுல எழுத?"

உன் அறையின் காத்தாடி நினைவுக்கு வந்தது. மூன்று இறக்கையிலும் உபயதாரர் பெயர். "பேர் நன்னா சுத்தறது, காத்துதான் வரலை" என்பாயே.

கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த அவர் மனைவி அவர் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மா எப்பச் செத்தாவ?"

"தெரியாத மாதிரி கேக்கா பாரு. கடைசித் தம்பி பொறந்தப்போ."

"ஏன் செத்தாவ?"

"ரத்தமே இல்லேன்னாவ. அது ஏன்னு யாரு கண்டா?"

"அந்த ஏனைத்தான் இவங்க கண்டுபிடிக்கணும்கிறாங்க. நீங்க பேரு எழுத எடம் தேடுதீய."

பிறகு அண்ணாச்சி எங்களுக்குக் காபி சொன்னார். சம்மதம் என்று புரிந்தது.

நான் உடனே ஒரு நிபந்தனை வைத்தேன்: முடிவு எதுவானாலும் உபயதாரர் தலையிடக் கூடாது. நூர்ஜஹான் என் காலை மிதித்தார். "தர்மம் கேக்க வந்தவரு சட்டம் பேசுதாரே!" என்று அண்ணாச்சி சிரித்தார். ஆனால் ஒப்புக்கொண்டார்.

திரும்பும் பேருந்தில் வேறொன்று உறுத்தியது, அக்கா. உன் பெயர் பொறித்து மருத்துவமனை வாசலில் பதிக்க, மயிலாப்பூரில் ஒரு சலவைக்கல்லுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். நீ அதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாய்?

நாளைக் காலை கல் வேண்டாமென்று சொல்லிவிடுவேன். அதற்கு வைத்திருந்த தொகை பரிசோதனைக்குப் போகும். அங்கிருந்து நூர்ஜஹானுடன் குப்பத்துக்குப் போவேன். மல்லிகா மறுபடி உண்டாகியிருக்கிறாள். மாத்திரையை விழுங்குகிறாளா என்று நான் அதட்ட மாட்டேன். இன்னும் பயமாக இருக்கிறதா என்று நூர்ஜஹான் கேட்பார். அவள் சொல்வதை, ஒரு சொல்லும் திருத்தாமல், நான் எழுதிக்கொள்வேன்.

ஐம்பது வயதிலும் உனக்குச் சின்னவனான
தம்பி சுந்தரேசன்