மாட்டுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம்

கீலக வருஷம் ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு

சிராங்கூன் ரோட்டு மாட்டுக் கொட்டகையில், சாணத்தைப் பார்த்தே மாட்டின் சீக்கைச் சொல்லிவிடுவேன். அந்தப் பெருமைக்குக் குறைச்சல் இல்லை. என் மலம் மாதக்கணக்காகச் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாமல் நாடா மாதிரி போகிறது. உடம்புச் சூடு என்று விளக்கெண்ணெய் குடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ரத்தமும் கண்டது. வாய் தவறி மகள் செல்லம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"மாட்டுக்கு இப்படின்னா அன்னைக்கே டாக்டரைக் கூப்பிடுவீங்க. நீங்க மட்டும் என்ன பெரிய கொம்பா?"

"கொம்பு இருந்திருந்தா என்னையும் கவனிச்சிருப்பேனே" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

இன்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டருக்கு உதவியாக இருக்கும் நம்மூர் டிரஸ்ஸர் படுக்கவைத்து வேட்டியைத் தளர்த்தியதும் அரைஞாண் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். இடுப்பில் நிற்காமல் நழுவுகிறதே என்று நான் இறுக்கி இறுக்கிப் போட்ட முடிச்சுகள்.

"இதெல்லாம் எப்பலேர்ந்து?"

"ஆடியிலேர்ந்து."

வயிற்றின் இடப்பக்கம் அழுத்திக்கொண்டே, "மெலிசாப் போறது ரெண்டு வாரத்துல சரியாகலைன்னா ஓடி வந்திருக்கணும்ணே" என்றார். திங்களன்று பெரிய டாக்டர் பார்க்க வேண்டுமாம். கூட ஆள் வர வேண்டுமாம்.

செல்லம்மாவிடம், "கஞ்சி குடிக்கச் சொன்னார்" என்றேன். நம்பிவிட்டாள். ஒரு சட்டி நிறையக் காய்ச்சி, நான் குடித்து முடிக்கும்வரை எதிரே சந்தோஷமாக உட்கார்ந்திருந்தாள்.

கூட வருவதற்கு அவளை விட்டால் எனக்கு யார்? காலையில் சொல்லித்தான் ஆக வேண்டும். என்ன வேடிக்கை பேசி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.