அக்கா, உன் கேப்ஸ் லாக்கை மாற்றிவிட்டார்கள்

முதலில் திட்டிவிட்டுப் பிறகு சோறு போடும் என் அக்காவுக்கு,

ஆந்திர எல்லையில், நகரியில் இருந்து எழுதுகிறேன். உன் கடையில் இருந்து. பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் ஓடுகின்றன. நீ அந்தச் சத்தத்துக்குப் பழகியிருந்தாய். எனக்கு இன்னும் தலை வலிக்கிறது.

உன் வீட்டுக்காரர், என் மாமா, கூப்பிட்டுத்தான் வந்தேன். போனில் உன் பெயரைச் சொல்லாமல் பேசினார். "மச்சான், அவ மிஷினு மெதுவாயிக்கினே வருது. ஒருக்கா வந்து பாரு. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கலாமா, இதையே ஓட்டலாமான்னு நீ சொல்லு."

வருகிறேன் என்றேன். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. பையில் ஒரு புது ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தேன். உன் கணினியை நீ விட்டுப்போன நிலையிலேயே முழுதாக நகல் எடுத்து, சென்னையில் என் அறைக்குக் கொண்டுபோக நினைத்தேன். உன் புகைப்படங்களுக்காக இல்லை. புகைப்படத்தில் நீ யார் சொன்னாலும் சிரிப்பாய். எது எங்கே இருக்கவேண்டும், எது கூடாது என்று நீயே முடிவு செய்த இடம் அந்தத் திரை ஒன்றுதான். காய்ச்சல்தானே என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாதவளுடையது, அதைத் தவிர வேறு என்ன மிச்சம்?

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள். இதை மற்றவர்களும் படிப்பார்கள்.

திருப்பதியில் எம்.சி.ஏ. முடித்தாய். பெங்களூரில் வேலை. படித்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் பஸ் ஏறிக்கொண்டிருந்த வருஷங்களில் நீ ஒரு பெட்டியோடு இந்தப் பக்கம் இறங்கினாய். நைனா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "ஊரே அங்க போய்க்கினு கீது. நீ இன்னாத்துக்கு திரும்பி வந்துக்கினு கீற?"

"பசிக்குது நைனா. துன்னுட்டு சொல்றேன்."

கடைசி வரை சொல்லவில்லை. கடை திறந்தாய்.

எல்லையில் டி.டி.பி. கடை என்றால் என்னவென்று சென்னையில் யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. காலையில் எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீசுக்குத் தெலுங்கில் அர்ஜி, அதாவது மனு. மத்தியானம் தமிழில் காதுகுத்துப் பத்திரிகை. மாப்பிள்ளை வீடு தெலுங்கு, பெண் வீடு தமிழ் என்றால் ஒரே பத்திரிகையில் இரண்டும். தெலுங்கு எழுத்துக்கு ஒரு மென்பொருள் வாங்கியிருந்தாய். அதற்கு ஒரு பூட்டு உண்டு. கட்டைவிரல் அளவு. கணினியின் பின்னால் செருகியிருந்தால்தான் எழுத்து வரும். ஒரு பூட்டுக்கு ஒரு கணினி. தமிழுக்கு வேறொரு மென்பொருள், வேறு விசைகள். இவை எல்லாவற்றுக்கும் அடியில், கணினியையே ஓட்டும் இயங்குதளம், அதுவும் ஒரு கள்ள நகல். ஊரில் எல்லோர் கடையிலும் அதுதான்.

முகூர்த்த மாசத்தில் ஒருநாள் மின்னழுத்தம் ஏறி அந்தப் பூட்டு செத்துப்போனது. விற்றவனைக் கேட்டாய். அன்றைக்கு எனக்குப் போன் செய்தாய். "பூட்டு ஒடஞ்சா வூட்டையே மறுபடி வாங்கணுமாம்டா."

அந்த வாரம்தான் அதை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டாய், பூட்டில்லாத, யாரும் பிரித்து மாற்றலாம் என்கிற இயங்குதளம்.

இலவசம் என்பதால் போட்டாய் என்று ஊர் நினைத்தது. மாமாவும்தான். "திருப்பதியில ஓசி லட்டு எவ்ளோ சின்னதா குடுக்கறாங்கோ? இதுவும் அப்படித்தான் இருக்கும்" என்றார்.

"மடப்பள்ளி ஒண்ணுதான் மாமா. துன்னு பாத்துட்டு சொல்லு."

முதலில் பிரிண்டர் பேசவில்லை. அதையும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் நீ திட்டுவாய். அந்த நாட்களில் அச்சுக்கு அடுத்த தெருக் கடைக்கு ஓடினாய். அவர்கள் சிரித்தார்கள். வெளியிலிருந்து வந்த கோப்புகள் சில, பத்திகள் கலைந்து திறந்தன. இணையத்தில் கேள்வி போட்டாய். முகம் தெரியாத ஒருவர் பதில் எழுதினார். அச்சுக்கு உரிய துண்டை மட்டும் கழற்றி வேறொன்று போட்டாய். மற்றது எதுவும் அசையவில்லை. பிரிண்டர் பேசியது.

அந்த அசையாததைத்தான் நீ நேசித்தாய் என்று நினைக்கிறேன்.

திரை ஒரு துண்டு. எழுத்துரு ஒரு துண்டு. விசைப்பலகை ஒரு துண்டு. ஒன்றை எடுத்தால் இன்னொன்று விழாது. விளையாட்டுகளைக் கழற்றினாய். பாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டாய். வேண்டாததைச் சுமக்காததால் அந்தப் பழைய கணினி உனக்காக ஓடியது. மூலையில் இன்னொரு பெட்டி, திரைகூட இல்லாமல். கடையின் கோப்புகள் மொத்தமும் அதில். மின்சாரம் போய் வந்தால் தானாக எழுந்து, விட்ட இடத்தில் நிற்கும். பெங்களூரில் நீ பார்த்த பெரிய சர்வர்களிலும் உள்ளே ஓடுவது இதுதான் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. வாடிக்கையாளர்களின் பென் டிரைவில் வந்த வைரஸ்கள் பாஷை தெரியாத ஊரில் இறங்கியவர்களைப்போல் சும்மா உட்கார்ந்திருக்கும். நீ அவற்றைத் துடைத்துக் கொடுத்தனுப்புவாய்.

நான் அப்போது திருப்பதி ஹாஸ்டலில் நிறையப் படித்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் போனில் சுதந்திரம் பற்றிப் பேசினேன். அறிவு பொதுச்சொத்து, அது இது. நீ கேட்டுக்கொண்டே பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தாய். விசைச் சத்தம் கேட்டது.

"அதெல்லாம் நீ எழுதுடா. எனக்கு யாரையும் கேக்காம ஒரு ஸ்குரூ கழட்டணும். அவ்ளோதான்."

சரி. இனி இன்றைய செய்தி.

காலையில் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். உன் பெயரைத் தமிழில் அடித்தேன். கலாவதி. பிறகு உன்னைப்போலவே இடது சுண்டுவிரலால் கேப்ஸ் லாக்கைத் தட்டினேன். யாருக்கும் தேவைப்படாத அந்த விசையை மொழி மாற்ற நீ வைத்திருந்தாய். ஒரு தட்டு, தெலுங்கு. அந்த விசையின் சின்ன விளக்கு எரியும். இன்னொரு தட்டு, தமிழ். விளக்கு அணையும். நீ பேசுவதும் அப்படித்தான், வாக்கியத்தின் நடுவில் மாறுவாய்.

தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. தமிழ் தமிழாகவே வந்தது.

ரேவதியை உனக்குத் தெரியாது. பாலசமுத்திரம் பக்கம். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தவள், குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டாள். நீ போன பிறகு மாமா கடையில் சேர்த்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது வேலை செய்யல" என்றேன்.

"செய்யுதுண்ணா. வலது கைப்பக்கம் ஆல்ட் கீதே, அத கட்டைவிரல்ல தட்டு."

"யாரு மாத்தினது?"

"நான்தான்."

"யாரைக் கேட்டு?"

குரல் உயர்ந்திருக்கவேண்டும். அவள் இடது கையை மேஜைமேல் வைத்தாள். சுண்டுவிரல் மட்டும் நேராக நின்றது.

"சின்ன வயசுல கரும்பு வெட்டறப்போ கத்தி பட்டுச்சு. மடங்காது. அக்கா வெச்ச மாதிரி தட்டினா கை மொத்தமா நகருது, எழுத்து தப்பிப்போவுது. பத்திரிகையில மாப்ள பேரு தப்பா வந்தா உன்னையா வந்து கேப்பாங்கோ?"

"எப்படி மாத்தினே?"

"மெனுவுல தமிழ்லயே எழுதி இருந்திச்சே. படிச்சேன். மாத்தினேன்."

மாமா டீயோடு உள்ளே வந்தார். "இன்னா மச்சான், கோர்ட்டு நடக்குதா?"

"அக்கா வெச்சிருந்ததை மாத்திட்டீங்க."

"ஆமா. எனக்கு கண்ணு தெரியல, எழுத்த பெருசாக்கினேன். எழுத்துக்குப் பின்னாடி இருந்த நீலத்தையும் எடுத்துட்டேன்." டீயை என் கையில் கொடுத்தார். "மாத்தக்கூடாதுன்னா அந்தப் பூட்டு சாமானே போதுமே. இன்னாத்துக்கு அவ பிரிண்டருக்கு அவ்ளோ அல்லாடினா?"

ஒரு வாய் குடித்தேன். டீ நன்றாக இருந்தது.

அக்கா, நான் உன்னை எங்கே வைக்க வந்தேன்? என் அறையில், அலமாரியில், யாரும் தொடாத ஒரு தட்டில். அதில் நீ அப்படியே இருப்பாய். ஒரு விசைகூட நகராது. அதை நீ எவ்வளவு வெறுத்திருப்பாய் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?

படிப்பு எனக்குச் சுதந்திரம் என்ற சொல்லைக் கொடுத்தது. அந்தச் சொல்லைக் கேள்விப்படாதவள் தன் விரலுக்கு ஏற்ப உன் கணினியைத் திருத்திக்கொண்டாள். அனுமதி கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கேட்கத் தேவையில்லாத ஒன்றைத்தான் நீ விட்டுப்போயிருக்கிறாய்.

மெதுவாவதற்குக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். உன் பழைய டிஸ்க் தேய்ந்துவிட்டது. சில இடங்களைத் திரும்பத் திரும்பப் படிக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

"புதுசு வாங்கணுமா?" மாமா கேட்டார்.

"வேண்டாம் மாமா. டிஸ்க் மட்டும் மாத்தினா போதும்."

"எங்க கெடைக்கும்? சித்தூர் போவணுமா, திருப்பதியா?"

என் பை நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. திறந்து புது டிஸ்க்கை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பிறகு உன் கணினியின் பக்கவாட்டு ஸ்குரூக்களை நானே கழற்றினேன்.

எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு நகர்த்தினேன். ரேவதியின் ஆல்ட் விசையோடு. மாமாவின் பெரிய எழுத்துகளோடு. மத்தியானத்துக்குள் முடிந்தது. கணினி விருட்டென்று எழுந்தது. ரேவதி உட்கார்ந்து ஒரு பத்திரிகையைத் தொடங்கினாள். பெண் வீடு தமிழ், மாப்பிள்ளை வீடு தெலுங்கு.

அப்போது பார்த்தேன். வலது கட்டைவிரலால் அவள் தெலுங்குக்கு மாறும்போது, இடப்பக்கம் கேப்ஸ் லாக்கின் விளக்கு எரிந்தது. தமிழுக்கு வந்ததும் அணைந்தது.

"இது மட்டும் எப்படி?"

"அது அக்கா வெச்சதுதான். எந்த பாஷையில கீறோம்னு பாத்ததும் தெரியுதில்ல? நல்லாகீது, வுட்டுட்டேன்."

திரும்பிப் பார்க்காமல் அடித்துக்கொண்டிருந்தாள். விளக்கு எரிந்தது. அணைந்தது.

சென்னைக்கு வெறும் பையோடு போகிறேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒருநாள் ரேவதியோ, அவளுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருபவளோ, அந்த விளக்கையும் மாற்றுவாள். வந்து பார்ப்பேன். யாரைக் கேட்டு என்று கேட்கமாட்டேன். எப்படி மாற்றினாய், எனக்கும் காட்டு என்று கேட்பேன்.

ஸ்குரூ கழற்றத் தெரிந்துகொண்ட
உன் தம்பி