கோமதிக்குத் தாய்மாமன்

3 ஜூலை 1964, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. கூரைத் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகல். நாயர் (அறைத் தோழர், கம்பவுண்டர்) தன் கட்டிலுக்கு மேலே இருக்கும் ஓட்டையை மட்டும் தார் பூசி அடைத்துவிட்டார். என் பக்கம் பக்கெட். செருப்பில் பூஞ்சை. மண்ணெண்ணெய் வாங்க வேண்டும்.

எங்கள் ஹார்பர் ஆபீசில் வயர்லெஸ் செய்தி. மெட்ராஸ் கப்பல் இன்னும் கிளம்பவே இல்லை. கடல் மோசம். பத்து நாளில் வந்தால் அதிர்ஷ்டம். உருளைக்கிழங்கு வராது, வெங்காயம் வராது என்று எல்லோரும் புலம்பல். எனக்கு மட்டும் வாயெல்லாம் பல். பெரிய பாபு (ஹெட் கிளார்க்) கேட்டார், "க்யா பாத் ஹை, லாட்டரி விழுந்துச்சா?"

காரணத்தை இங்கே எழுதலாம். நாயருக்குத் தமிழ் படிக்க வராது. ஆனாலும் பெயர் வேண்டாம், கோ. போதும். கோ.வின் தாய்மாமன் அந்தக் கப்பலில்தான் வர வேண்டும். தாய்மாமன் இல்லாமல் அவர்கள் வீட்டில் கல்யாணம் கிடையாது. 12ஆம் தேதி முகூர்த்தம் தள்ளிப்போனால் உடனே ஆடி. ஆடி முழுக்க எனக்கு மிச்சம். அதற்குள் கோ. வீட்டில் எங்கள் விஷயத்தைச் சொல்லிவிடுவாள். போன தீபாவளிக்கே சொன்னாளே: "நீங்க அப்பாகிட்ட ஒண்ணும் பேசாதீங்க. நான் பாத்துக்கிடுதேன்."

நானும் வாயைத் திறக்கவில்லை. நடுவில் இந்த மாப்பிள்ளை, பாராடாங் தீவிலிருந்து. அங்கே மரக்கட்டை டிப்போவில் ஓவர்சியர். "வந்து பாத்துட்டுப் போகட்டும், வேண்டாம்னு சொல்லிருவேன்" என்றாள். சொன்னதாகத் தெரியவில்லை.

4, சனி

அரை நாள் ஆபீஸ். குடை முறிந்தது. மரைன் ஹில் ஏறி, தொப்பலாக நனைந்து, அண்ணாச்சி வீட்டில் கப்பல் செய்தியைச் சொன்னேன். அண்ணாச்சி என்றால் கோ.வின் அப்பா, அபர்டீன் பஜாரில் மளிகைக் கடை. முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அக்கா (கோ.வின் அம்மா) அழவே ஆரம்பித்துவிட்டாள்.

இந்த "அக்கா" சும்மா வந்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன் முதல் தடவை அங்கே சாப்பிட்டபோது யோசித்துத்தான் கூப்பிட்டேன். "அம்மா" என்றால் கோ. தங்கையாகிவிடுவாள். "அத்தை" என்றால் அன்றே குட்டு வெளிப்பட்டுவிடும். "அக்கா" பத்திரம். அக்கா மகள் முறைப்பெண், நாளைக்கு யாரும் குறை சொல்ல முடியாது. இந்தத் தீவில் யாருக்கு என்ன சொந்தம் இருக்கிறது, கூப்பிடுகிற முறைதான் சொந்தம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

அடுப்படியிலிருந்து கோ.வின் குரல். வெகு சாதாரணமாக, உப்பு எங்கே என்று கேட்பவள் போல.

"இவங்க இருக்காங்கல்லா. அம்மாவை அக்கான்னுதானே கூப்பிடுதாங்க. தாய்மாமனா இவங்களே நிக்கட்டும்."

அண்ணாச்சி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, எங்களைக் காப்பாத்திட்டேரு." அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, "எங்கூடப் பொறந்தவன் மாதிரிதான நீயும்" என்றாள். காபி வந்தது. குடித்தேன். சரி என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. யாரும் மறுபடி கேட்கவில்லை.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பூஞ்சை பிடித்த செருப்பால்.

5, ஞாயிறு

கோவில் வாசலில் கோ.வை மடக்கினேன். தனியாகத்தான் இருந்தாள்.

"என்ன வேலை செஞ்சிருக்கே?"

"மாலைக்குச் சொல்லியாச்சா?"

"அவனைப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு."

தலையைக்கூடக் குனியவில்லை. ஈரக் கல்லில் வழுக்காமல் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனாள். துரோகி. எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப்போவதில்லை.

சாப்பாடு இறங்கவில்லை. நாயர் சூரை மீன் குழம்பு வைத்திருந்தார், அதனால் கொஞ்சம் இறங்கியது.

8, புதன்

தாய்மாமன் கொண்டுபோக வேண்டியவை: கூறைப்புடவைக்கு மேல் ஒரு சேலை, மாலை, தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு. கப்பல் இல்லாததால் ரோஜா இல்லை. வீடு வீடாக நந்தியாவட்டை கேட்டு வைத்திருக்கிறேன். யார் கல்யாணத்துக்கு? என் தலையெழுத்துக்கு.

சேலை எடுக்க அக்காவோடு பஜாருக்கு. "எந்தக் கலர்டே அவளுக்கு எடுப்பா இருக்கும்?" மாம்பழ மஞ்சள் என்று வாய் தானாகச் சொன்னது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். சும்மா சொன்னேன் என்றேன்.

வங்காளிக் கடைக்காரர் சேலையை மடித்துக்கொண்டே கேட்டார், "துல்ஹன் ஆப்கி?" உங்கள் மணப்பெண்ணா என்று. "நஹி, பாஞ்ஜி" என்றேன். அக்கா மகள். இந்தியில் சொன்னால் அவ்வளவாக வலிக்கவில்லை.

10, வெள்ளி

மழை விட்டது. சட்டை இஸ்திரி. முடி வெட்டினேன், இடது பக்கம் கோணல்.

கல்யாணத்தை நடத்திவைக்கும் பெரியவர் கூப்பிட்டு முறை சொல்லிக்கொடுத்தார். பெண்ணை வெளியே கொண்டுவருவதற்கு முன் சபையில் கேட்பாராம், தாய்மாமனுக்குச் சம்மதமா என்று. "நீங்க சரின்னு சொல்லாம அவ வாசப்படி தாண்டப்படாது. உரிமைக்காரன் நீங்கதான்."

உரிமைக்காரன். கேட்டதும் உடம்பெல்லாம் சூடு. அப்படியென்றால் என் வாயில்தான் இருக்கிறது எல்லாம். சபையில் சொல்லப்போகிறேன். சம்மதம் இல்லை. ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றும் சொல்வேன், தீபாவளியிலிருந்து.

நாயரிடம் ஒத்திகை பார்த்தேன். "பறஞ்ஞால் அடி கிட்டும்" என்றார், சொன்னால் உதை விழுமாம். கிட்டட்டும்.

12, ஞாயிறு

கல்யாணம்.

மாப்பிள்ளை வந்து இறங்கியதும் நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தான். "ஆசீர்வாதம் பண்ணுங்க, மாமா." என்னைவிட ஐந்து வயது மூத்தவன். காதோரம் நரை. நல்லவன் மாதிரி இருக்கிறான், அதுதான் எரிச்சல்.

பெரியவர் எழுந்து நின்றார். சபை அமைதி. "தாய்மாமனுக்குச் சம்மதந்தானா?"

தொண்டையில் இருந்தது. சத்தியமாக இருந்தது. அக்கா கையைக் கூப்பிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். உள் கதவை ஒட்டி கோ. நிற்கிறாள். அவள் முகத்தில் பயத்தைத் தேடினேன். துளிகூட இல்லை. நெற்றிச்சுட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"சம்மதம்" என்றேன். ஆபீசில் பயணிகள் பெயரைக் கூப்பிடுகிற குரலில்.

மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டும். முதல் தடவையாக அவள் கையைப் பிடிக்கிறேன். மருதாணி வாசனை. மணவறைக்குப் பத்தடி இருக்கலாம்.

"இறுக்காதீங்க. வலிக்குது" என்றாள் மெதுவாக.

"பேசாதேன்னு நீதானே சொன்னே."

"சொன்னா? பேசாமலே இருந்திருவீங்களா? அவங்க நேரா வந்து அப்பாகிட்ட கேட்டாங்க."

நாதஸ்வரம் இல்லாத ஊர். கிராமபோன் ரெக்கார்டில்தான் கெட்டிமேளம். ஊசி மாட்டிக்கொண்டு அதே இடம் திரும்பத் திரும்ப வந்தது. தாலி கட்டி முடித்த பிறகும் நிற்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

13, திங்கள்

லாஞ்சில் பாராடாங் போய்விட்டார்கள். நான் துறைக்குப் போகவில்லை. ஆபீஸ் ஜன்னலில் தெரிந்தது.

16, வியாழன்

கப்பல் வந்துவிட்டது. வெங்காயத்துக்கு அடிதடி.

சாயங்காலம் அறைக்கு ஒரு ஆள். டிரங்குப் பெட்டி, கடல் மயக்கத்தில் வெளிறிய முகம், முப்பது வயது இருக்கும். கோ.வின் சொந்தத் தாய்மாமன். அண்ணாச்சி வீட்டில் சண்டை போட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் என்னைத் தேடி வந்திருக்கிறார்.

"சபையில சம்மதம் சொன்னது நீருதானா?"

ஆமாம் என்றேன்.

"எனக்குன்னு சொல்லி வளத்த பிள்ளைவே அவ. நான் வந்து நின்னா மாட்டேன்னு சொல்லுவேன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். அதான் கப்பல் வர்றதுக்குள்ள உம்மைப் பிடிச்சு நிறுத்திட்டா. நீரு மாட்டேன்னு சொல்லமாட்டேருன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரே ஒரு வார்த்தை, முடியாதுன்னு சொல்லியிருந்தேருன்னா நின்னிருக்கும்லா."

என் கட்டிலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நாயர் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். தொடவில்லை.

தோளில் கை வைத்தேன். தட்டிவிட்டார்.

"உமக்கென்னவே தெரியும் இதெல்லாம். நீரு அசல் ஆளு, சொந்தமா பந்தமா."

ஆமாம் என்றேன். முகம் துடைக்கத் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.